முப்பத்திரண்டாவது இடம்

ஜூலை 1, செவ்வாய்

இது கடையின் நோட்டு. எந்தக் கீபோர்ட் எப்போது வந்தது, என்ன கோளாறு, எப்போது திரும்பிப் போனது என்று முன்பக்கத்திலிருந்து எழுதி வருகிறோம். நான் பின்பக்கத்திலிருந்து எழுதத் தொடங்கியிருக்கிறேன். ஆரோன் அண்ணன் கண்ணில் பட்டால் மன்னித்துக்கொள்ளட்டும். வேறு நோட்டு வாங்க முடியாமல் இல்லை. வாங்கினால் நாட்குறிப்பு எழுதுகிறேன் என்று ஆகிவிடும். அப்படிச் சொல்லிக்கொண்டு எழுத என்னிடம் ஒன்றும் இல்லை. துடைத்த ஸ்பிரிட் காயும்வரை கை சும்மா இருக்கிறது, அதனால் எழுதுகிறேன்.

பெயர் முப்பிடாதி. பி.எஸ்சி. எலெக்ட்ரானிக்ஸ். எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள். ஊர் ஆலங்குளம் பக்கம். அம்மா பீடி சுற்றுகிறாள். பத்தாவது படிக்கும்வரை நானும் சுற்றினேன். அதனால்தானோ என்னவோ, எவ்வளவு சின்ன ஸ்க்ரூவும் என் கையிலிருந்து நழுவுவதில்லை. பாளையங்கோட்டையில் இந்த ஆரோன் கீபோர்ட் சர்வீஸில் சேர்ந்து பதினான்கு மாதம் ஆகிறது. கடையில் ஆரோன் அண்ணனும் நானும் மட்டும்தான்.

இன்று இசைக் கிரேடு பரீட்சைக்குப் படிக்கும் ஒரு சிறுமியின் கீபோர்ட் வந்தது. திறந்தால் உள்ளே பாதி பிஸ்கட்டும் ஓர் எறும்புக் குடும்பமும் இருந்தன. எறும்புகளை முதலில் வெளியே விட்டேன்.

ஜூலை 3, வியாழன்

ஒரு கீபோர்டைத் திறந்தால் அதை வாசிப்பவர் யார் என்று தெரிந்துவிடும். சர்ச்சில் வாசிப்பவருடையதில் மெழுகுச் சொட்டு இருக்கும். அம்மன் கோயில் கொடை விழாவுக்குப் போய் வருவதில் திருநீறும் காய்ந்த அரளி இதழும் இருக்கும். கச்சேரி மேடைக்காரருடையதில் சுருதியை மாற்றும் பொத்தானின் எழுத்து அழிந்திருக்கும். பாடகருக்குப் பாடகர் சுருதி வேறு. கர்நாடக சங்கீதம் வாசிப்பவருடையதில் கமகத்துக்காக ஆட்டி ஆட்டி, சுரத்தை வளைக்கும் இடது பக்கச் சக்கரம் தளர்ந்திருக்கும். ஜெபக்கூடத்துப் பையன்கள் கால் பெடலைத்தான் உடைத்துக்கொண்டு வருவார்கள். போதகர் ஜெபிக்கும்வரை அவர்கள் காலை எடுப்பதே இல்லை.

வேலை முடிந்ததும் வந்தவர் உட்கார்ந்து ஐந்து நிமிடம் வாசித்துப் பார்ப்பார். இதற்கு டிரையல் என்று பெயர். நான் ஸ்க்ரூ டப்பாவைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்பேன். ஐந்து ஸ்க்ரூ மட்டும் மாட்டாமல் வைத்திருப்பேன். டிரையல் முடிந்ததும் மாட்ட வேண்டும் என்று ஒரு காரணம் வேண்டுமே. பதினான்கு மாதத்தில் ஏறத்தாழ இருநூறு பேரின் கைகளை ஒரு முழ தூரத்தில் பார்த்திருக்கிறேன். இந்தக் கடையைத் தவிர வேறு எங்கே இது கிடைக்கும்?

நாங்கள் மட்டும் வாசிக்கக் கூடாது. அறுபத்தொரு கட்டையையும் வரிசையாக ஒவ்வொரு முறை அழுத்திப் பார்க்கலாம். பாட்டுக் கூடாது. சேர்ந்த அன்றே ஆரோன் அண்ணன் சொல்லிவிட்டார்.

"கஸ்டமர் முன்னால நாம நல்லா வாசிச்சா அவருக்கு வயிறு எரியும். மோசமா வாசிச்சா சிரிப்பாரு. ரெண்டும் தொழிலுக்கு ஆவாது."

ஜூலை 5, சனி

நான் தங்கியிருக்கிற பெண்கள் ஹாஸ்டலில் என் கட்டிலுக்கு அடியில் ஒரு பழைய கீபோர்ட் கிடக்கிறது. உதிரி பாகத்துக்கு வைத்துக்கொள் என்று அண்ணன் கொடுத்தது. ஸ்பீக்கர் போய்விட்டது, ஹெட்ஃபோனில் மட்டும் சத்தம் வரும். பதினொரு கட்டைகள் பேசாது. அவ்வப்போது அதைச் சோதித்துப் பார்ப்பேன். தினமும் ஒரு மணி நேரம் சோதிக்கிறேன்.

ஜூலை 8, செவ்வாய்

கீபோர்ட் கொம்பையா வந்தார். இந்தப் பக்கத்தில் அவரைத் தெரியாத மேடை இல்லை. வில்லுப்பாட்டுக் குழுவில் வாசிக்கிறார். கல்யாணக் கச்சேரியில் வாசிக்கிறார். ஆர்கன் வாசிக்கிற டீச்சருக்குக் காய்ச்சல் வந்தால் சர்ச்சிலும் வாசிக்கிறார். ஐம்பத்தெட்டு வயது. கீபோர்டை ஜமுக்காளத்தில் சுற்றி, தூங்குகிற பிள்ளையைப்போலத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார்.

"என்ன அண்ணாச்சி கோளாறு?" என்று ஆரோன் அண்ணன் கேட்டார்.

"ஸ்விட்ச போட்டா பேட்டரி லோன்னு காட்டுது தம்பி. போன வாரம் டாக்டரும் எனக்கு அதத்தான் சொன்னாரு. இதுக்காவது மாத்து பேட்டரி கெடைக்கும்லா?"

இருபத்து நான்கு வருடத்துக் கீபோர்ட். அவர் தானே திருத்தி உண்டாக்கிய டோன்கள், அதாவது விதவிதமான சத்தங்கள், அதன் நினைவில் இருக்கின்றன. உள்ளே ஒரு நாணயம் அளவு பேட்டரிதான் அவற்றை அழியாமல் வைத்திருக்கிறது. எப்போதும் முதலில் நகல் எடுத்துக்கொள்வோம். இதில் ஃப்ளாப்பி போடும் பகுதி செத்துப்போய் ஆறு வருடம் ஆகிறதாம். நகல் எடுக்க வழியில்லை.

"ஆடிக் கடைசிச் செவ்வாக் கொடை இருக்கு, ஆகஸ்ட் பன்னெண்டு. அதுக்குள்ள கெடைச்சாப் போதும். அந்த அம்மன் எங்கிட்ட வேற ஒண்ணும் கேக்கதில்ல, அந்த மாசானம் டோன்தான். அது கேட்டாத்தான் கோமரத்தாடி மேல எறங்குவா."

கோமரத்தாடி என்றால் சாமி வந்து ஆடுகிறவர். மாசானம் யார் என்று எனக்குக் கேட்க ஆசை. கேட்கவில்லை.

அவர் போனதும் ஆரோன் அண்ணன் என்னிடம், "கரண்ட்ல இருக்கும்போதே பழச எடுத்துப் புதுச வையி. ஒரு நொடி கரண்ட் போனாலும் மனுசன் வாழ்நாள் போச்சி" என்றார்.

ஜூலை 9, புதன்

அண்ணன் ஒரு சாவு வீட்டுக்குப் போய்விட்டார். பேட்டரியைத் தொடுமுன் கீபோர்ட் எப்படி இருக்கிறது என்று பார்க்க ஸ்விட்சைப் போட்டேன். டோன் பெயர்களைப் படித்துவிட்டு அப்படியே நின்றுவிட்டேன்.

மற்றவர்கள் புல்லாங்குழல் 1, வயலின் 2 என்று பெயர் வைப்பார்கள். இவர் பத்து இங்கிலீஷ் எழுத்துக்குள் சுருக்கி ஆள் பெயர் வைத்திருக்கிறார். மொத்தம் முப்பத்திரண்டு இடம். முப்பத்தொரு பெயர். கடைசி இடம் காலி.

இவ்வளவு பெயரைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. ஒவ்வொன்றிலும் நடுக்கட்டையை மட்டும் ஒரு முறை அழுத்தி, கேட்டதை எழுதுகிறேன்.

1. ஹெப்சிபா: தொட்டதும் வராது. கனமான கதவு திறப்பதுபோல மெதுவாக வரும். விட்ட பிறகும் இரண்டு எண்ணும்வரை நிற்கும்.

2. டொரதி: பியானோ. ஆனால் ஈரத்துணி போர்த்தியதுபோல. அடியில் ஒரு சின்னக் 'கிரீச்.'

3. வின்சென்ட்: இதுவும் பியானோ. கண்ணாடி டம்ளரில் ஸ்பூன் தட்டிய சத்தம் கொஞ்சம் கலந்திருக்கிறது. தூரத்தில் கேட்கிறது.

4. பாஸ்கரன் சர்க்கஸ்: இரண்டு குரல். ஒன்று மற்றதைவிட ஒரு மயிரிழை சுருதி குறைவு. சிரிப்பு வருகிறது.

5. அமீர் பாய்: ஆர்மோனியம். மூச்சு இழுக்கும் சத்தம் முதலில், சுரம் பிறகு.

6. மாசானம்: இதுவும் ஆர்மோனியம். உள்ளே ஒரு வண்டு மாட்டிக்கொண்டிருக்கிறது.

7. சங்கரன் சார்: வீணை மாதிரி, வீணை இல்லை. சக்கரத்தைத் தொட்டால் ஒரு சுரத்துக்குப் பதில் அரைச் சுரம்தான் நகர்கிறது. கமகத்துக்கு வசதி.

8. இம்மானுவேல்: தலையணை. முழங்கையை வைத்தாலும் சண்டை போடாது.

மற்ற இருபத்து மூன்றும் இந்தப் பக்கத்தின் பின்னால். எல்லாம் எழுதி முடிக்க மதியம் ஆகிவிட்டது. ஒரே ஒரு கட்டைதான் அழுத்தினேன்.

ஜூலை 10, வியாழன்

பேட்டரி மாற்றியாகிவிட்டது. பழையதை எடுத்து, புதியதை வைத்து, எண்ணிப் பார்த்தேன். முப்பத்தொரு பேரும் இருந்தார்கள்.

மாலையில் சுத்தம் செய்து மூடினால் வேலை முடிந்தது.

ஜூலை 11, வெள்ளி

மழை. மூன்று கீபோர்டுகள் சுத்தம் செய்தேன். வேறு ஒன்றும் இல்லை.

ஜூலை 12, சனி

அம்மா போன் செய்தாள். "ஏளா, சாப்ட்டியா?" என்றாள். சாப்பிட்டேன் என்றேன்.

ஜூலை 14, திங்கள்

எழுதித்தான் ஆக வேண்டும். இந்த நோட்டிலும் சொல்லாவிட்டால் எங்கே சொல்வது?

எங்கள் கடையில் ஒரு வழக்கம் உண்டு. சர்வீஸ் முடிந்ததும் கடைசி வேலையாக இரண்டு பொத்தான்களை அழுத்திக்கொண்டே ஸ்விட்சைப் போடுவோம். கீபோர்ட் கம்பெனியிலிருந்து வந்த நாள்போல ஆகிவிடும். யாராவது சுருதியை மாற்றிவைத்து மறந்திருந்தால், 'ரிப்பேருக்குக் கொடுத்தேன், சுருதியே போச்சு' என்று சண்டைக்கு வருவார்கள். அதற்காக. நகல் எடுத்து வைத்திருப்பதால் பிறகு டோன்களைத் திரும்ப ஏற்றிவிடுவோம். பதினான்கு மாதமாக வாரத்தில் நாலைந்து முறை செய்திருக்கிறேன். கை தானாகப் போகும்.

வியாழக்கிழமை மாலை கொம்பையா அண்ணாச்சியின் கீபோர்டை மூடி, டிரையலுக்கான ஐந்தைத் தவிர மற்ற ஸ்க்ரூக்களை மாட்டினேன். கை தானாகப் போனது.

கஷ்டமான வேலையில் தவறவில்லை. யோசிக்கவே தேவையில்லாத வேலையில் தவறினேன். திரையில் கம்பெனிப் பெயர்கள் வரிசையாக வந்தன. முப்பத்தொரு பேரில் ஒருவர்கூட இல்லை.

நான்கு நாளாக அதை ஜமுக்காளத்தில் சுற்றி அலமாரியில் வைத்திருக்கிறேன். அந்தப் பக்கம் பார்ப்பதில்லை.

ஜூலை 15, செவ்வாய்

ஆரோன் அண்ணனிடம் சொன்னேன். சொல்லி முடிக்கும்வரை அவர் சால்டர் வைப்பதை நிறுத்தவில்லை. பிறகு நிறுத்தினார்.

"நாலு நாளா?"

"ஆமாண்ணே."

"நாலு நாளா எங்கூட ஒக்காந்து டீ குடிச்சிருக்க."

நான் மேசையில் சிந்தியிருந்த ஈயத்துளியை நகத்தால் சுரண்டினேன்.

"நான் பேசிப்பேசிக் காரியத்தக் கெடுக்கிறவன். நீ பேசாமலே கெடுத்துட்டியம்மா."

சாயங்காலம் அவரே போன் செய்து கொம்பையா அண்ணாச்சியை வரச் சொன்னார். விஷயம் சொல்லவில்லை. "அவ முகத்தப் பாத்துச் சொல்லட்டும்" என்றார். அது தண்டனையா என்று முதலில் நினைத்தேன். இப்போது எழுதும்போது அப்படித் தோன்றவில்லை.

அம்மாவிடம், ஒருவேளை ஊருக்கு வரவேண்டி இருக்கும் என்றேன். "வா, எல கெடக்கு, சுத்தலாம்" என்றாள். ஆறுதலாகத்தான் சொன்னாள்.

ஜூலை 16, புதன்

அவர் வந்து உட்கார்ந்தார். நான் சொன்னேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை, ஆனால் அவருக்குக் கேட்டுவிட்டது. கீபோர்டைப் போட்டு ஒன்றாம் எண்ணை அழுத்தினார். இரண்டு. மூன்று. ஒவ்வொன்றிலும் ஒரு சுரம் வாசித்தார். முப்பத்தொன்றுவரை விடாமல் அழுத்தினார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"எல்லாரும் போய்ட்டாவளா?"

ஆரோன் அண்ணன், "தப்பு எங்க கடைத் தப்பு அண்ணாச்சி. புது கீபோர்ட் வேணும்னாலும் சொல்லுங்க" என்றார்.

"கீபோர்ட்ட வச்சி என்ன செய்ய? ஒவ்வொரு ஆளையும் காதுல வச்சிக்கிட்டு வந்து, வீட்ல உக்காந்து இழுத்து இழுத்துச் செஞ்சேன். சில ஆளுக்கு ஒரு வருசம் ஆச்சி. எந்த அளவுக்கு எதத் திருப்பினேன்னு எவனுக்குத் தெரியும்? இப்ப எனக்குப் பேரே வரிசையா வரமாட்டங்கே."

அவர் திட்டியிருந்தால் நான் பேசியிருக்க மாட்டேன்.

"பேரு எங்கிட்ட இருக்கு அண்ணாச்சி."

நோட்டைப் பின்பக்கமாகத் திருப்பி நீட்டினேன். ஆரோன் அண்ணன் கண்ணை விரித்தார். அது அவருடைய நோட்டு. கொம்பையா அண்ணாச்சி கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு விரல் வைத்துப் படித்தார். ஹெப்சிபா வரியை இரண்டு முறை படித்தார்.

"'கனமான கதவு தெறக்க மாதிரி.' ஏம்மா, இது நீ எழுதினதா?"

"ஆமா."

"அப்ப தொடக்கத்த மெதுவாக்கணும். விட்ட பெறவு நிக்கிறதுக்கு ரெண்டு எண்ணு." அவர் கை அதற்குள் பொத்தான்களில் இருந்தது. டோனின் அளவுகளைக் கூட்டியும் குறைத்தும் பத்து நிமிடம் இழுத்தார். ஒரு சுரம் வாசித்தார். என்னைப் பார்த்தார்.

"இன்னும் கொஞ்சம் மெதுவா" என்றேன்.

ஜூலை 18, வெள்ளி

தினமும் மாலை நான்கு மணிக்கு வருகிறார். ஆறரை வரை செய்கிறோம். எட்டு மணிக்கு ஹாஸ்டல் கதவைப் பூட்டிவிடுவார்கள். ஆரோன் அண்ணன் என்னை வேலையைவிட்டு அனுப்பவில்லை. அதைப் பற்றிப் பேசவும் இல்லை. என் மேசைக்கு விளக்கு மட்டும் புதிதாக ஒன்று வாங்கி வைத்திருக்கிறார்.

நான் வரியைப் படிப்பேன். அவர் அந்த ஆளைப் பற்றிச் சொல்லிக்கொண்டே இழுப்பார்.

டொரதி, கொடைக்கானலில் ஒரு பள்ளியில் பியானோ சொல்லிக்கொடுத்தவர். இவர் அங்கே சுண்ணாம்பு அடிக்கப் போயிருக்கிறார். பத்தொன்பது வயது. அந்த அம்மா தினமும் காலையில் பிள்ளைகள் வருமுன் தனக்காக ஒன்று வாசிப்பாராம். "ஒரு நா வேலைய ஒரு மாசம் அடிச்சேன். ஒரே செவுத்துக்கு நாலு கோட்டு." அந்தக் 'கிரீச்', பெடலுக்கு எண்ணெய் இல்லாமல் வந்தது.

வின்சென்ட், சென்னையில் ஒரு பெரிய ஹோட்டலில் ஜாஸ் வாசித்தவர். சாப்பிடுகிற யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். கொம்பையா அண்ணாச்சி கல்யாண வீட்டுச் சாமானோடு சமையற்கட்டு வாசலில் நின்று கேட்டார். "அதான் தூரத்துல கேக்கு. டம்ளர் சத்தமும் அங்க உள்ளதுதான்."

பாஸ்கரன் சர்க்கஸில் ஒரு கண் கட்டையிலும் ஒரு கண் மேலே ஊஞ்சலிலுமாக வாசிப்பாராம். ஊஞ்சலில் ஆள் கை மாறும்போது இவர் சுரம் மாறும். "அந்தாளு ஒரு சுரம் பிந்துனா மேல ஒரு உசுரு. எங்கள மாதிரி தப்பா வாசிச்சிட்டு மைக்செட்டுக்காரன் மேல பழி போட முடியாது."

இதுவரை ஆறு பேர் திரும்பிவிட்டார்கள்.

ஜூலை 24, வியாழன்

ஹெப்சிபா டீச்சரே வந்தார். பெயருக்குரிய அதே டீச்சர். ஓய்வு பெற்ற கணக்கு டீச்சர், ஐம்பது வருடமாகச் சர்ச்சில் வாசிக்கிறார். தன் கீபோர்டில் ஒரு கட்டை ஒட்டிக்கொள்கிறது என்று கொண்டுவந்தார். கொம்பையா அண்ணாச்சி எழுந்து நின்றுவிட்டார்.

"டீச்சர், ஒண்ணு கேளுங்க." ஒன்றாம் எண்ணைப் போட்டு ஒரு கீர்த்தனையின் முதல் அடியை வாசித்தார்.

டீச்சர் தலையைச் சாய்த்துக் கேட்டார். "நல்லாத்தான் இருக்கு. ஏன் இப்படி இழுத்துக்கிட்டு வருது? யாரு இது?"

"நீங்கதான் டீச்சர். நான் சின்னப் பையனா சர்ச்சுக்கு வெளிய நின்னு கேட்டது."

டீச்சர் சிரிக்கத் தொடங்கினார்.

"அட பைத்தியக்காரா. அந்தப் பழைய ஆர்கன்ல துருத்தி ஓட்டை. எலி கடிச்சது. எவ்வளவு மிதிச்சாலும் காத்து பிந்தித்தான் வரும். நான் ரிப்பேர் பண்ணுங்கன்னு கமிட்டிக்கு எத்தன லெட்டர் போட்டேன் தெரியுமா? அந்த ஓட்டையவா நீ இத்தன வருசமா ஊர் ஊரா வாசிச்சிக்கிட்டுத் திரியிற?"

எல்லோரும் சிரித்தோம். ஆரோன் அண்ணன், "டீச்சர், நல்லவேள அந்தக் காலத்துல நான் கடை வைக்கல. வச்சிருந்தா ஓட்டைய அடச்சிருப்பேன்" என்றார்.

போகும்போது டீச்சர் திரும்பி, "கொம்பையா, இன்னொரு தரம் வாசி" என்றார். இந்த முறை கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

ஆகஸ்ட் 2, சனி

இருபத்து மூன்று பேர் வந்தாகிவிட்டது. மாசானம்தான் வர மாட்டேன் என்கிறார். நாலு நாளாக இழுக்கிறோம். வண்டு வந்துவிட்டது. ஆனால் அவர் மேல்கட்டைக்குப் போனதும் முகத்தைச் சுளிக்கிறார். "இது இல்ல. எங்கயோ தட்டுது" என்கிறார். எங்கே என்று அவருக்குப் பிடிபடவில்லை. என் வரியில் நடுக்கட்டையைப் பற்றி மட்டுமே இருக்கிறது.

அவர் வாசித்துக்கொண்டிருந்தபோது என் விரல்கள் மேசையில் இருந்தன. அவர் பார்த்துவிட்டார்.

"ஏம்மா, விரல் ஓடுதே?"

"தூசி அண்ணாச்சி. தட்டினேன்."

இன்று காலையில்தான் மேசையைத் துடைத்திருந்தேன்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

மாசானம் கதையைச் சொன்னார். வில்லுப்பாட்டில் ஆர்மோனியம் வாசித்தவர். கீபோர்ட் வந்ததும் குழுக்காரர்கள் கொம்பையாவைக் கூப்பிட்டார்கள். மாசானம் கோபப்படவில்லை. ஆர்மோனியத்தைத் தூக்கிக்கொண்டு இவர் வீட்டுக்கே வந்து, 'நான் வேண்டாம், என் சத்தத்தயாவது கூட்டிட்டுப் போ. அம்மனுக்குப் பழகுன சத்தம்' என்று சொல்லி மூன்று நாள் உட்கார்ந்து வாசித்துக் காட்டினாராம். அடுத்த வருடம் இறந்துவிட்டார்.

"நான் அவரு சோத்துல கை வச்சவன். அவரு எனக்குச் சத்தத்தக் குடுத்துட்டுப் போனாரு. அதயும் தொலச்சிட்டு அவரு அம்மன் முன்னால எப்படிப் போயி உக்கார?"

என்னைக் குறை சொல்லிச் சொன்னதில்லை. அவர் தன்னைத்தான் சொல்லிக்கொண்டார். அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

ஆகஸ்ட் 7, வியாழன்

ஜூலை 9 அன்று ஒரே ஒரு கட்டைதான் அழுத்தினேன் என்று எழுதியிருக்கிறேன். அது பொய்.

அன்று கடையில் யாரும் இல்லை. முப்பத்தொரு பேரையும் வாசித்தேன். மாசானத்தை மட்டும் அரை மணி நேரம் வாசித்தேன். அதனால்தான் மதியம் ஆனது.

இன்று மாலை கொம்பையா அண்ணாச்சி ஐந்தாவது முறையாகக் கையை எடுத்துவிட்டுச் சாய்ந்தபோது என்னால் முடியவில்லை.

"மேல போகப்போக வண்டு கொறையணும் அண்ணாச்சி. மேல் எட்டுக் கட்டையில வண்டே இருக்காது. கடைசி நாலு கட்டையில காத்து மட்டும்தான் வரும், அழுது முடிச்சவங்க மூச்சு மாதிரி. கீழ் எட்டுக் கட்டையில ரெண்டு வண்டு."

ஆரோன் அண்ணன் கையிலிருந்த போர்டைக் கீழே வைத்தார்.

"நடுக்கட்டைய மட்டும் அமுக்கினவளுக்கு மேல் எட்டு எப்படித் தெரியும்?"

நான் தரையைப் பார்த்தேன். கொம்பையா அண்ணாச்சி திரும்பவே இல்லை. மேல்கட்டைக்குத் தனியாக, கீழ்க்கட்டைக்குத் தனியாகப் பிரித்து இழுக்கத் தொடங்கியிருந்தார். அரை மணி நேரம் கழித்து அடியிலிருந்து மேலே வரை ஒரு முறை வாசித்தார். மேலே போய் அந்தக் காற்று வந்ததும் கையை எடுக்காமல் அப்படியே வைத்திருந்தார்.

"வந்துட்டாரு" என்றார்.

ஆரோன் அண்ணன் இன்னும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபமாகத் தெரியவில்லை. திறந்து பார்க்காத கீபோர்டைப் பார்ப்பதுபோல் இருந்தது.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

சேரன்மகாதேவி பக்கம் அந்த அம்மன் கோயில். மதியக் கொடை. ஒயர் கோளாறு வந்தால் பார்க்க ஆள் வேண்டும் என்று ஆரோன் அண்ணன் என்னையும் கூட்டிக்கொண்டு போனார். நான் ஸ்பீக்கர் பெட்டிக்குப் பின்னால் நின்றேன்.

கோமரத்தாடி ஒரு தபால்காரர். மஞ்சள் வேட்டி கட்டி, கையில் வேப்பிலையோடு கண்ணை மூடி நின்றார். வில்லுப்பாட்டுக்காரர் பாட்டை நிறுத்தினார். உடுக்கை நின்றது. கொம்பையா அண்ணாச்சி ஆறாம் எண்ணைப் போட்டார். விரல்களை வேட்டியில் ஒரு முறை துடைத்துக்கொண்டார். இருபத்து நாலு வருடமாக வாசிக்கிற கை.

கீழ் எட்டில் இரண்டு வண்டு. மெதுவாக ஏறினார். நடுவில் ஒன்று. தபால்காரர் அசையவில்லை. மேல் எட்டு. வண்டு இல்லை. கடைசி நாலு கட்டை, காற்று மட்டும்.

தபால்காரரின் இடது கால் பெருவிரல் மண்ணிலிருந்து எழும்பியது. அப்புறம் கால். அப்புறம் குலவைச் சத்தத்தில் எனக்கு வேறெதுவும் கேட்கவில்லை.

பக்கத்தில் நின்ற ஓர் அம்மா இன்னொருவரிடம், "போன வருசத்துக்கு இந்த வருசம் ஆத்தா வெரசலா வந்துட்டா" என்றார்.

பந்தியில் கொம்பையா அண்ணாச்சி எனக்கு எதிரில் உட்கார்ந்தார். "முப்பத்திரெண்டு காலியாத்தான கெடக்கு. உம் பேர அடிச்சிருவோம். இங்கிலீசுல பத்து எழுத்துக்குள்ள வருமா?"

விரலால் இலையில் எழுதி எண்ணிப் பார்த்தார். சரியாகப் பத்து.

"வேண்டாம் அண்ணாச்சி" என்றேன்.

"கூச்சப்படாத."

"கூச்சம் இல்ல." பாயசம் வந்தது, வாங்கிக்கொண்டேன்.

ஆகஸ்ட் 16, சனி

இன்னும் நான்கு பேர் பாக்கி. அவர்களை வீட்டில் வைத்து நிதானமாகச் செய்துகொள்கிறேன் என்று கொம்பையா அண்ணாச்சி நோட்டைக் கேட்டிருக்கிறார், இன்று மாலை வாங்க வருகிறார். முன்பக்கக் கணக்கை ஆரோன் அண்ணன் புது நோட்டில் பெயர்த்து எழுதிவிட்டார். "பின்பக்கம் உன்னுது. கிழிக்கிறதும் குடுக்கிறதும் உன் இஷ்டம்" என்றார். கிழிக்கலாம் என்று ஸ்கேலை எடுத்தேன். கிழிக்கவில்லை.

அண்ணாச்சி, இதுவரை நீங்கள் படித்திருப்பீர்கள். அதனால் இனி உங்களுக்கே எழுதுகிறேன். நேரில் எனக்கு வராது.

முதலில் நன்றி. திட்டாமல் இருந்ததற்கு மட்டும் இல்லை. டொரதி அம்மாவையும் வின்சென்ட்டையும் பாஸ்கரனையும் மாசானத்தையும் எனக்குத் தெரியாது. இனித் தெரியாது என்று சொல்ல முடியாது. இந்தக் கடையில் டிரையல் பார்த்துவிட்டுப் போன இருநூறு பேருக்கும் நன்றி சொல்ல வேண்டும். ஐந்து ஸ்க்ரூ மாட்டாமல் வைத்திருந்ததை எல்லாம் தெரிந்தும் தெரியாததுபோல் இருந்த ஆரோன் அண்ணனுக்கும்.

ஏன் வேண்டாம் என்றேன் என்று சொல்லிவிடுகிறேன். அந்த முப்பத்தொரு பேரும் வாசித்தவர்கள். நீங்கள் கேட்டுவிட்டுப் பெயர் வைத்தீர்கள். தொலைத்ததைத் தேடிக் கொடுத்ததற்காக என் பெயரை வைத்தால் அவர்கள் வரிசையில் நான் சும்மா நிற்பதாக இருக்கும். நீங்கள் என்னைக் கேட்டதில்லை. யாருமே கேட்டதில்லை, என் ஹெட்ஃபோனுக்கு வெளியே சத்தம் போனதில்லை.

என் கட்டிலுக்கு அடியில் இருக்கிற கீபோர்டில் பதினொரு கட்டைகள் பேசாது என்று எழுதியிருக்கிறேன். மற்ற ஐம்பதில்தான் நான் பழகினேன். பாட்டு அந்தக் கட்டைக்கு வரும்போது பக்கத்தில் போவேன், அல்லது ஒரு நொடி சும்மா இருப்பேன், அல்லது எட்டுக் கட்டை தள்ளிப் போய்த் தொட்டுவிட்டு வருவேன். இப்போது எல்லாக் கட்டையும் பேசுகிற கீபோர்டிலும் எனக்கு அப்படித்தான் வருகிறது. இது தப்பா என்று எனக்குத் தெரியவில்லை. எலி கடித்த துருத்தியைப் பற்றி டீச்சர் சொன்ன நாளிலிருந்து இதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

நேற்று ஆரோன் அண்ணனிடம் ஞாயிற்றுக்கிழமைக்குக் கடைச் சாவி வேண்டும் என்று கேட்டேன். எதற்கு என்று அவர் கேட்கவில்லை. சாவியை மேசையில் வைத்துவிட்டு, "கடையில வாசிக்கக் கூடாதுன்னுதான் நான் சொல்லிருக்கேன். ஞாயித்துக்கெழம கடை கெடையாது, அது வெறும் ரூம்" என்றார்.

முப்பத்திரண்டாவது இடம் காலியாகவே இருக்கட்டும் அண்ணாச்சி. நாளை நான்கு மணிக்கு, வழக்கமாக வருகிற நேரத்துக்கு, கீபோர்டோடு வாருங்கள். ஒரே ஒரு பாட்டு. இந்த முறை நான் உட்கார்ந்து வாசிக்கிறேன், நீங்கள் பக்கத்தில் இருந்து கேட்பீர்களா?